பாட்டில் விட்டுப்போன காலடிகள்

ஒரு தாயிடம் நேரில் போய்க் கேட்கவேண்டிய ஒன்றை நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டேன் என்று மூன்று பையன்களிடம் சொன்னேன். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்லும் பொறுமை இப்போது இல்லை, அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் டீமேக்கராக இருந்தேன். இலை எப்போது வாடியது, எப்போது அரைக்கலாம், எப்போது உலர்த்தலாம் என்று முடிவு செய்பவன் டீமேக்கர். நான் ஓய்வு பெற்ற சில வருடங்களில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். இலை இப்போது லாரியில் வேறு ஃபேக்டரிக்குப் போகிறது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கட்டடம் மட்டும் நின்றது. பக்கத்திலேயே குடியிருப்பவன் என்பதால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் பச்சை இலையைப் பரப்பி வாட்டுவோம். அதை எல்லோரும் லாஃப்ட் என்போம். நீளமான மரத்தளம், இரண்டு பக்கமும் சாய்ந்த பலகை ஜன்னல்கள், இலை பரப்புவதற்குக் கம்பிவலை போட்ட நீண்ட தொட்டிகள். காற்றுக்காகவே கட்டிய இடம் என்பதால் மூடுபனி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். உள்ளே நிற்பவரின் முழங்கால் சில நேரம் தெரியாது. அங்கே பேசினால் பேச்சு உடனே அடங்காது. தளத்தின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்து என் கதவைத் தட்டினார்கள். கிட்டார் வாசிப்பவன் பஸ் ஸ்டாண்டு அருகே போன் ரிப்பேர் கடையில் வேலை செய்தான். டிரம்ஸ் அடிப்பவன் கேரட் ஏற்றும் பிக்அப் வண்டி டிரைவர். பேஸ் கிட்டார் வாசிப்பவன் பேக்கரியில் வர்க்கி பிஸ்கட் போடுபவன், கை எப்போதும் நெய் வாசம் அடிக்கும். பாடுவது ஒரு பெண். எங்கள் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு அம்மாவின் ஒரே மகள், கல்லூரியில் கடைசி வருடம்.

"ஏனுங்கய்யா, அந்த லாஃப்ட் சும்மாதானுங்களே கெடக்குது?" என்றான் கிட்டார்காரன்.

"சும்மா கெடக்குதுன்னு யார் சொன்னா? எலி இருக்குது."

"எலி கேட்டாக் கேக்கட்டுமுங்க. எங்க பாட்டை வேற யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அந்தப் பெண் பின்னாலிருந்து சொன்னாள்: "குடுங்கய்யா. இவன் வாசிச்சா எலி தானா ஓடிப்போயிரும். உங்களுக்கும் லாபம்."

கொடுத்தேன். என் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கரண்ட் எடுத்துக்கொண்டார்கள். டிரம்ஸில் பாதி ஒரு கல்யாண பேண்டுக்காரரிடம் இரவல், பாதி ஒரு சர்ச் ஸ்டோர் ரூமில் கிடந்தது. தட்டு ஒன்றில் விரிசல். அடித்தால் யாரோ தொண்டையைச் செருமுவது போல் இருக்கும்.

முதல் மாதங்களில் அது சகிக்க முடியாத சத்தம். நான் ஒரு பழைய இலைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். ராக் என்றால் காதைக் கிழிப்பது என்று நினைத்திருந்தேன். இவர்கள் கிழித்தார்கள், ஆனால் அதற்குள்ளே ஒரு மெட்டு இருந்தது. கிட்டார் எவ்வளவு இரைந்தாலும் அந்தப் பெண்ணின் குரல் அதன்மேல் நடந்து போகும். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது என் வாயில் அது வரும். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் துணி துவைக்கும் பெண்கள் முணுமுணுப்பதையும் கேட்டேன்.

"டீமேக்கர் ஐயா கால்ல தாளம் போடறாரு, பாருடா," என்பான் வர்க்கிக்காரன் டிரம்ஸ்காரனிடம். "உன்னையவிடக் கரெக்டா இருக்குது."

"அப்ப அவரையே சேத்துக்க. நான் கேரட் ஏத்தப் போறேன்."

ஒரு பேக்கரி திறப்பு விழாவில் வாசித்தார்கள். பிறகு ஊட்டியில் ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு கல்யாணத்தில். அங்கே பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். அடுத்த வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரு ஞாயிறு மற்ற மூவரும் வரத் தாமதம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பிக்அப் மாட்டிக்கொண்டது. லாஃப்டில் அந்தப் பெண்ணும் நானும் மட்டும். பட்டப்பகல்தான், ஆனால் பனி இறங்கி ஜன்னல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"ஐயா, பாதிப் பாட்டு ஒண்ணு வந்திருக்குது. உங்க போன்ல கொஞ்சம் புடிச்சு வெய்யுங்க. ஊட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துருவேன்."

போனைக் கம்பிவலைமேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அவள் தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே பாடினாள். நாலு வரிக்குத்தான் சொல் இருந்தது. மீதியை வாயை மூடி முனகினாள். போகப்போகப் பனிக்குள் உருவம் கரைந்து குரல் மட்டும் போய்த் திரும்பி வந்தது. கீழே அவள் அம்மா வந்து நின்று கூப்பிடும் சத்தம். பாட்டு நின்றது.

"இரும்மா, வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு மரப்படியில் இறங்கி ஓடினாள்.

பதிவை நிறுத்த மறந்து சற்று நேரம் அப்படியே இருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் அவள் இறந்தாள். காலையில் கல்லூரி பஸ்ஸுக்குத் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் போயிருக்கிறாள். செடிகளுக்கிடையே காட்டெருமை படுத்திருந்தது பனியில் தெரியவில்லை. எங்கள் மலையில் இப்படி நடக்கிறது. அதற்குமேல் எழுத என்னால் முடியாது.

பையன்கள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கிட்டார்காரன் தன் பெட்டிகளை எடுத்துப்போகத் தனியாக வந்தான். அவன் வயரைச் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் படியில் யாரும் ஏறமாட்டார்கள் என்று தோன்றியது.

"அவ குரல் என் போன்ல இருக்குது," என்றேன்.

அந்தக் குரலைக் கேட்கும் முதல் உரிமை அவள் தாய்க்கு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவனிடம் சொன்னேன்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். போனைத் தொட்டிமேல் வைத்து ஓடவிட்டேன். அந்தக் குரல் எந்த இடத்தில் முதலில் எழுந்ததோ அதே இடத்தில் மறுபடி எழுந்து, தளத்தின் கோடிவரை போய்த் திரும்பியது. வர்க்கிக்காரன் தலையைத் திருப்பி அந்தக் கோடியைப் பார்த்தான். டிரம்ஸ்காரன் எழுந்து கீழே போய்விட்டு முகம் கழுவி வந்தான்.

அன்றிலிருந்து அவளுடைய குரலை நடுவில் வைத்து மூவரும் வாசித்தார்கள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் கிட்டார் காத்திருந்தது. அவள் முனகும் பகுதியில்தான் டிரம்ஸ் சேர்ந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் நான் கேட்டதிலேயே அழகானது அதுதான். அவள் உயிரோடு இருந்தபோதுகூட அவர்கள் அப்படி வாசித்ததில்லை.

படியிறங்கும் சத்தத்தையும் அதன் பின்னால் வந்ததையும் வெட்டிவிட்டார்கள். "இரும்மா, வந்துட்டேன்" என்பதோடு பாட்டை முடித்தார்கள்.

"அதை எடுத்துரலாம்டா," என்றான் வர்க்கிக்காரன். "கேட்டா முடியெல்லாம் நட்டுக்குது."

"அதனாலதான்டா இருக்கணும்," என்றான் கிட்டார்காரன். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஐயா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். எங்களால முடியாதுங்க, அவங்க மூஞ்சியப் பாக்கவே முடியல. நீங்க கேளுங்க. அவங்க சரின்னாத்தான் வெளிய போடுவோம்."

கேட்கிறேன் என்றேன்.

இங்கே எங்கள் எஸ்டேட் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் உத்தியோக காலம் முழுவதும் இலை பறிக்கும் ஒரு பெண்ணிடம் நேராக எதையும் கேட்டதில்லை. கூடுதல் நேரம் வேலையா, லீவு நாள் மாற்றமா, மேஸ்திரியிடம் சொல்வோம். மேஸ்திரி தலையாட்டினால் அவருக்குக் கீழே பறிக்கும் அத்தனை பெண்களும் தலையாட்டியதாக அர்த்தம். அவர்கள் சரி என்றார்களா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. மரியாதைக் குறைவாகவும் அதை நாங்கள் நினைத்ததில்லை. வேலை அப்படித்தான் நடந்தது.

மேஸ்திரியை டீக்கடையில் பார்த்தேன். "அந்தப் பொண்ணு பாடுனத பசங்க பாட்டாப் போடறாங்க. அம்மாவுக்கு ஒண்ணும் வருத்தம் இருக்காதுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா. நான் சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான். அன்று மாலையே கிட்டார்காரனுக்குப் போன் செய்தேன். "கேட்டாச்சு. சரின்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்கய்யா?"

"நல்லாப் போடுங்கன்னாங்க."

இதை மேஸ்திரிகூடச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். அதைச் சொன்னபோது பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லை என்பதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. பாட்டு வெளியே வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதிவு செய்தது நான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

பாட்டு பரவியது. நான் நினைத்ததைவிட வேகமாக. ஊட்டியில் சீசன் சமயம் ஒரு ஹோட்டல் புல்வெளியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள், பிறகு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, பிறகு சென்னையிலிருந்து அழைப்பு. ஊட்டிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். மேடை நடுவில் ஒரு மைக்கை வைத்து அதன் முன்னால் யாரும் நிற்காமல் விட்டிருந்தார்கள். அதிலிருந்து குரல் வருவது போல இருந்தது. கூட்டம் அந்த வெற்றிடத்தையே பார்த்தது. கடைசி வார்த்தை வந்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்கு மட்டும் இது தெரியாது. அவரிடம் பட்டன் போன்தான். லைனில் எல்லோரும் தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வருவது தெரிந்தால் வீடு வீடாகப் பாட்டு அணையும். அவர் நடந்து போகப்போக அவருக்கு முன்னால் ஒரு மௌனமும் நடந்து போனதாக ஒரு பெண் பிறகு என்னிடம் சொன்னாள். ஆனால் டூரிஸ்ட் கார்களுக்கு யார் சொல்வது?

ஒரு நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஐயா, ஒரு சங்கடமுங்க. அந்தப் புள்ளையோட அம்மா வேலையில நிக்க மாட்டேங்கறாங்க. ரோட்டுல அந்தப் பாட்டு போச்சுன்னா எலப் பையக் கழட்டி வெச்சுட்டுப் போயிர்றாங்க."

"நீ சொல்லிக்கறேன்னியே?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் உட்டுட்டனுங்க."

மறுநாள் காலை தோட்டத்துக்கு மேலே உள்ள சாலையில் போய் நின்றேன். நல்ல பனி. பறிக்கும் பெண்களின் தலைத்துணி மட்டும் அங்கங்கே தெரிந்தது. எங்கள் சாலை அந்தத் தோட்டத்தை மூன்று வளைவாகச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கீழே ஒரு கார் வரும் சத்தம், அதோடு அந்தக் குரல். கார் தெரியவில்லை. குரல் கீழிருந்து இடது பக்கம் போய், வளைவில் திரும்பி வலது பக்கம் வந்து, பிறகு மேலே ஏறியது. பனிக்குள் யாரோ தோட்டத்தைச் சுற்றி வருவது போல. பெண்களின் கைகள் நின்றன. ஒரு தலை மட்டும் குரலோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே வந்தது.

இரும்மா, வந்துட்டேன்.

அந்த அம்மா பையைக் கழற்றிக் கீழே வைத்தார். செடிகளுக்கிடையே ஏறி, நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளிச் சாலையோரம் வந்து நின்றார். கார் எங்களைக் கடந்து போனது. அவர் காரைப் பார்க்கவில்லை. கார் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கிப் போய்ப் பையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். என் உத்தியோக காலத்தில் அந்த லைனுக்குள் நான் போனதே இல்லை. அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க உட்காருங்கம்மா," என்றேன். ஒரு தொழிலாளியை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு செய்தது, பையன்களிடம் கொடுத்தது, மேஸ்திரியிடம் கேட்டது, அவரிடம் கேட்டதாகச் சொன்னது.

அவர் உட்காரவில்லை. அழவும் இல்லை.

"நான் என்ன சொன்னதாச் சொன்னீங்க?"

"நல்லாப் போடுங்கன்னு."

"அப்படிச் சொல்லியிருப்பனோ என்னமோ," என்றார். "கேட்டிருந்தாத்தானுங்களே எனக்கே தெரியும்."

பிறகு, "அந்தக் கடைசில சொல்றாளே, அது பாட்டு இல்லீங்க. நாந்தான் கீழ நின்னு கூப்பிட்டேன். எனக்குச் சொன்னது அது. இப்ப ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. எல்லா வண்டியிலயும் வந்துட்டேன்னு சொல்றா, வர மாட்டேங்கறா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வந்தாளுங்களே ஐயா. படியெறங்கி வந்தா. அது எங்க?"

போனை எடுத்தேன். வெட்டாத பதிவு அதில் மட்டும்தான் இருந்தது. பாட்டு முடிந்தது. அந்த வார்த்தை வந்தது. அதன் பின்னால் மரப்படியில் காலடிகள், தடதடவென்று, கீழே கீழே. பிறகு தூரத்தில் இந்த அம்மாவின் குரலே: "எத்தன தடவடி கூப்படறது? வெறகு யாரு எடுப்பா, உங்க டீமேக்கரா?" ஒரு சிரிப்பு. இரண்டு பேர் நடந்து போகும் சத்தம். அதற்கப்புறம் காற்று.

"மறுக்காப் போடுங்க."

மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை காலடிகள் வந்தபோது அவர் கை தானாக நீண்டு, பக்கத்தில் இல்லாத ஒரு தோளைத் தொடுவது போல் நின்றது.

"வெறகுக்கு வைதிருக்கறேன் பாருங்க," என்றார். "பாட்டு இருக்கட்டுமுங்க. பாட்டு அவளுது. அந்தச் சொல்ல மட்டும் எடுத்துரச் சொல்லுங்க."

"இந்தப் பதிவை உங்களுக்குத் தர்றேம்மா. போனோட வெச்சுக்குங்க."

"வேண்டாமுங்க. வெச்சிருந்தாக் கேட்டுட்டே கெடப்பேன். அழிச்சிருங்க. என் கண்ணு முன்னால அழிச்சிருங்க."

அழித்தேன். போன் இரண்டு முறை நிச்சயமா என்று கேட்டது. இரண்டு முறையும் அவரைப் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் தலையாட்டினார்.

கிட்டார்காரன் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னிலையில்தான் நான் உண்மையைச் சொன்னேன். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"கேட்டாச்சுன்னீங்களே ஐயா. நல்லாப் போடுங்கன்னு சொன்னாங்கன்னீங்களே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ராத்திரி தூங்குனேன்."

அன்றே பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்தார்கள். கடைசி வார்த்தை இல்லாமல் மறுபடி போட்டார்கள். சென்னைக்காரர்கள் பழைய முடிவுதான் வேண்டும் என்றார்களாம். மூவரும் முடியாது என்றதில் அந்தப் பயணம் நின்றுபோனது. இப்போது கிட்டார்காரனே பாடுகிறான். புதிய பாட்டுகள் வந்திருக்கின்றன, பெங்களூருவரை போய் வாசிக்கிறார்கள், வளர்கிறார்கள். அவர்களுக்கு என் உதவி ஒருபோதும் தேவைப்பட்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன். லாஃப்டுக்கு வருவதில்லை. எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

ஆனால் ஒருமுறை வெளியே போனது திரும்பி வருவதில்லை. பழைய பாட்டு ஆயிரம் போன்களில் இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர்கள் அந்தப் பாட்டை முடித்து நிறுத்தியதும், கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அந்தக் கடைசி வார்த்தையைத் தானாகச் சொன்னதாம். டிரம்ஸ்காரன் எழுந்து மேடையைவிட்டு இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மேஸ்திரியிடம் அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நேராகப் போய் அவரிடமே கேட்டேன், இப்போதும் சாலைக்குப் போகிறாரா என்று.

"போறனுங்க."

"அந்தப் பதிவுல அவ வந்து சேந்தத நீங்க கேட்டீங்களேம்மா."

"கேட்டேன். வந்தா, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், எல்லாந் தெரியுதுங்க. இனி வரமாட்டான்னும் தெரியுது." வெந்நீர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். "ஆனா வர்றேன்னு ஒருத்தி சொல்றப்ப எந்திரிக்காம எப்படியுங்க உக்காந்திருக்கறது?"

டீ கொடுத்தார், குடித்தேன். பகல் இரண்டு மணிதான், ஆனால் பனி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கீழ் வளைவில் ஒரு வண்டி கியர் மாற்றி ஏறத் தொடங்கியது. இன்னும் பாட்டு கேட்கவில்லை. அதில் பாட்டு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.